இருக்கையை நகர்த்துமுன்

மகன்,

சனிக்கிழமை கார் பார்க்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். பழைய கார்தான், ஆனால் நல்ல கார் என்று சொல்கிறார்கள், எதைப் பார்த்து நம்புவது என்றுதான் தெரியவில்லை என்றாய். பிறகு, "இதெல்லாம் அப்பாவுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாய். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. நீ அழுதுவிடுவாயோ என்று பயந்தேன், நான் அழுதுவிடுவேனோ என்றும் பயந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீயும் பேச்சை மாற்றுவாய், நானும் உன்னோடு சேர்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். மருமகளுக்கும் வாசித்துக் காட்டு, அவளுக்கு மறைக்க இதில் ஒன்றுமில்லை.

ஸ்டியரிங்கைத் தொட்டும் பார்க்காத அம்மா கார் வாங்கப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிப்பாய். வாங்கி நான் எதையும் படிக்கவில்லை. விற்கப் போய்த்தான் படித்தேன். அப்பாவின் காரைப் பார்க்க வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, தேநீர் வைத்து, மாமரத்தடியில் நின்று அவர்களின் கண் எங்கே போகிறது, கை எதைத் தொடுகிறது என்று பார்த்தபடி இருந்தேன். வாங்க வருகிறவர்கள் கார் தங்களைப் பார்க்காது என்று நினைத்துக்கொண்டு காரைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் கிழவி பார்க்கிறாள் என்பது அவர்களுக்கு நினைவில்லை.

காரை விற்கச் சொன்னவன் நீ. சொன்னபோது இரண்டு விஷயம் சொன்னாய். மாரி தொடங்குமுன் விற்றுவிடுங்கள் என்றாய். அப்பாவின் உயிர் அதற்குள் இருந்தபடிதான் போனது என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்றாய். முதலாவதில் நியாயம் இருந்தது. மழை பிடித்துவிட்டால் ஆற்றுத் தண்ணீர் நம் வளவுக்குள் ஏறும், முகத்துவாரத்தை மறிக்கும் மணலை வெட்டிக் கடலுக்கு விடும்வரை இறங்காது. ஒவ்வொரு மாரிக்கும் அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கிணற்றடிக்கு வருமுன்னே காரைக் கோயிலடி மேட்டில் கொண்டுபோய் விடுவார். இப்போது கொண்டுபோக ஆள் இல்லை. இரண்டாவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கோபப்படுவதென்றால் முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

உண்மையில் மாரிக்குப் பயந்து நான் அந்தக் காரை விற்க நினைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நீ வந்தபோது முன் வாசல் படலையால் வரவில்லை. பக்கத்து வீட்டு யோகனின் வளவால் சுற்றி, வேலியில் இருக்கிற பொட்டுக்குள் குனிந்து, குசினிப் பக்கத்தால் வந்தாய். படலைக்கு நேரே கார் நின்றது. அன்று பின்னேரம் குசினி வாசலில் குந்தியிருந்து, "அதுக்குள்ள ஏற என்னால ஏலா அம்மா. அதப் பாக்கவும் ஏலா" என்று சொன்னாய். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. லீவு இல்லை என்றாய், டிக்கெட் இல்லை என்றாய், மருமகளுக்கு இந்த நிலைமையில் பயணம் கூடாது என்றாய். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டேன். கார் வாசலில் நிற்கும்வரை நீ வரமாட்டாய், பிறக்கப்போகும் பிள்ளையையும் கொண்டு வரமாட்டாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆகவே, உன் அப்பா ஆசை ஆசையாய்த் துடைத்து வைத்திருந்த காரை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வந்தவர்கள் ஒரு தரகரும் அவர் கூட்டி வந்த உயரமான ஒரு மனிதரும். அவர்கள் வருவதற்குள் யோகன் நல்லெண்ணத்தோடு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைத்திருந்தான். ஓட்டோ ஓட்டுகிறவன், பற்றரி இறங்கிவிடக் கூடாது என்று கிழமைக்கு ஒருதரம் வந்து ஸ்டார்ட் பண்ணிவிடுவான், பாவம். தரகர் வந்ததும் வராததுமாகப் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார். வைத்துவிட்டு மற்றவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சூடான எஞ்சின் எந்த நோயையும் காட்டாதாம், காலையில் குளிர்ந்து கிடக்கும்போது முதல் திருப்பில் எப்படிப் பிடிக்கிறது, பின்னால் என்ன நிறத்தில் புகை வருகிறது என்பதுதான் பேச்சாம். ஆகவே நீ காலையில் போ. நான் வருமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதலே சொல்லி வை. போனதும் பொனட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் கோபப்படாதே, யோகன் மாதிரி ஒரு நல்ல மனிதனும் அதைச் செய்திருக்கலாம். ஆறும்வரை இருந்து பார்த்துவிட்டு வா.

அந்தத் தரகரிடமிருந்து இன்னொன்றையும் படித்தேன். கார் அப்பாவின் பேரில் இருந்தது. ஆள் போன பிறகு அது என் பேருக்கு மாற வேண்டும், அந்த அலுவல் இழுத்துக்கொண்டே போனது. மரணச் சான்றிதழ் கொண்டுவா என்பார்கள், கொண்டுபோனால் வேறொன்றைக் கேட்பார்கள். தரகர் அதைக் கேட்டு முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஐயாட கையெழுத்து உங்களுக்குத் தெரியும்தானே. அவர் இருக்கக்குள்ளயே போட்டுத் தந்த மாதிரி ஃபோர்ம்ல ஒண்டு போட்டா முடிஞ்சுது" என்றார். நம் கடைக்குச் சாமான் வந்தால் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் உன் அப்பா. லொறிக்காரன் வெயிலில் நின்று முறைத்தாலும் எண்ணிவிட்டுத்தான் பேனையைக் கேட்பார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "செத்த மனிசன எழுப்பிக் கையெழுத்து வாங்க எனக்கு ஏலா தம்பி. வந்த வழியப் பாத்துப் போங்க" என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

நீ பார்க்கப் போகிற காரின் பதிவுப் புத்தகத்தில் எவருடைய பேர் இருக்கிறதோ அவரைப் பார்க்க வேண்டும் என்று கேள். அடையாள அட்டையை வாங்கிப் பார். முந்தின சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட, பேர் மாற்றுகிற வெறும் ஃபோர்ம் இருக்கிறது, இடையில் ஒருவருக்கும் மாற்றவில்லை என்றால், அந்தக் கையெழுத்துக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேள். எஞ்சினில் வெட்டியிருக்கும் இலக்கமும் காரின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று குனிந்து வாசி. லீசிங் கடன் கட்டி முடிந்ததா என்று கம்பெனிக்கே போன் எடுத்து விசாரி. விற்கிறவர் நல்லவர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று மட்டும் சொல்லாதே. அந்தத் தரகருக்கும் நல்ல முகம்தான்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு ஒன்று பட்டது. அந்த உயரமான மனிதர் காரில் ஏறியதும் கீழே கைவிட்டு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார், கண்ணாடியையும் திருப்பிவிட்டார். அது எல்லாரும் செய்கிற வேலை, அவரில் பிழை இல்லை. ஆனால் அப்பா இறங்காமல் போன நாளிலிருந்து அந்த இருக்கை அப்படியே இருந்தது. காரைக் கொண்டுவந்து விட்ட பொலிஸ்காரரும் அவர் உயரம்தான் போல, நகர்த்தவில்லை. யோகன் ஒருநாளும் உள்ளே இருந்து ஸ்டார்ட் பண்ணுவதில்லை, வெளியே நின்றபடி கையை விட்டுத்தான் திறப்பைத் திருப்புவான். அப்பா எவ்வளவு தூரத்தில் இருந்து ஓட்டினார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அடையாளம் அது. நான் உள்ளே ஏறி இருந்து முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன், பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் எத்தனையோ வருஷம் இருந்தவள் நான். அவர் முழங்கால் எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று நினைத்திருந்தேன். சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவும் பிடிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் களுதாவளைப் பக்கத்து ஆட்கள். கலியாணம் பேசி முடிந்த பெண், அவளுடைய தாய், தாய்மாமன். வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதியாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு ஒரு காரும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. மாமன் கதவுகளைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் காருக்குப் பக்கத்தில் குனிந்து வெயில் சரியும் பக்கமாக நின்று, முன் கதவும் பின் கதவும் ஒரே வெள்ளையா என்று பார்த்தாள். அடிபட்ட காருக்குப் பெயின்ட் அடித்தால் நேரே பார்க்கத் தெரியாது, சரிவாகப் பார்த்தால் தெரியும் என்று என்னிடம் சொன்னாள். பிரேக் மிதியில் இருக்கும் ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீற்றரைப் பார்த்தாள். ரப்பர் தேய்ந்து வழுக்கையாகியும் மீற்றர் கொஞ்சமாக ஓடியது என்று சொன்னால் அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். நீ இதை மறக்காதே, மருமகளையும் கூட்டிப் போ. உன்னைவிட அவளுக்குக் கண் கூர்மை.

பார்த்து முடிந்து எல்லாருக்கும் பிடித்த பிறகு, அந்தப் பெண் அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக இருக்கிற இடத்தில், ஏறி இருந்துகொண்டு, "ஏன் அன்ரி விக்கிறீங்க, இவ்வளவு வடிவா வச்சிருக்கிற காரை?" என்று கேட்டாள். ஓட்ட ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. நீ சொன்னதும் காதில் கேட்டது. ஆனால் என் இருக்கையில் இருந்து என்னையே பார்க்கிற பிள்ளைக்கு நான் எப்படி மறைப்பது? சொன்னேன். தாய் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "குறை நினையாதீங்க அக்கா. ஆண்டுத் திவசமும் முடியாத வீடு. நாங்க கலியாணத்துக்கு எடுக்கிற கார்" என்றார். ஊற்றி வைத்த தேநீரை ஒருவரும் தொடவில்லை. நான் குறை நினைக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எழும்பித்தான் இருப்பேன், நம் ஊரில் அப்படித்தான். அந்தப் பெண் மட்டும் படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. போன் வருவது நின்றுபோயிற்று. மழையும் தொடங்கிவிட்டது. தண்ணீர் கிணற்றடிக்கு வந்த அன்று, யோகன் முதல் தடவையாக உள்ளே ஏறி இருந்து, காரைக் கோயிலடி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்தான். கோயிலுக்கு முன்னால் அந்தக் காரை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எத்தனை மாரிக்கு அப்பா அதே இடத்தில் விட்டுவிட்டு, அங்கே நிற்கும் எல்லாரோடும் கதைத்துச் சிரித்துவிட்டு நடந்து வந்திருப்பார். அன்று இரவு முழுவதும் கார் தண்ணீரில் நிற்குமோ என்று எழும்பி எழும்பிப் பார்த்தேன். டயர் நனையுமுன் மழை விட்டது. நல்லவேளை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பிறகுதான் ஏறாவூரிலிருந்து ஒரு மனிதர் வந்தார். கட்டார் நாட்டில் கனகாலம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். உம்மாவைக் கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் தேவை என்றார். வருமுன்னே போனில், காரைத் தொட வேண்டாம், நான் வந்துதான் திறப்பேன் என்று சொல்லியிருந்தார். வந்ததும் ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். பிறகு உள்ளே வந்து கால் விரிப்பைக் கிளப்பி மூக்கை வைத்து மணந்தார், ஸ்பெயார் டயர் இருக்கும் குழிக்குள் கைவிட்டுத் துழாவினார். இருக்கைப் பட்டியை அடிவரைக்கும் உருவினார். நான் ஏன் என்று கேட்டேன். வெள்ளத்தில் நின்ற காரை எவ்வளவு கழுவினாலும் பட்டியின் உள் நுனியைக் கழுவ எவருக்கும் நினைவு வராது, சேற்று அடையாளம் அதில் நிற்கும் என்றார். கொழும்பிலும் வெள்ளம் வருகிறதுதானே, நீயும் உருவிப் பார்.

கையைத் தட்டிக்கொண்டு எழும்பியவர், "இது ஆத்துத் தண்ணி படாத கார் அக்கா" என்றார். அந்த வார்த்தைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். அவருக்கு நம் முதல் காரின் கதையைச் சொன்னேன். உனக்கு அப்போது நான்கைந்து வயது, பச்சைக் கார், நினைவிருக்கும். அப்பா அதை ஞாயிறு தவறாமல் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், எருமைகளைக் குளிப்பாட்டுகிற இடத்தில் அரை டயர் தண்ணீரில் இறக்கி, வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவுவார். மழைக்காலத்தில் நல்ல தண்ணீராக இருக்கிற ஆறு, முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வந்த பிறகு உப்பு என்பது இந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். வாயில் விட்டால் துப்புகிற தண்ணீர், காருக்கு மட்டும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தார். ஒருநாள் கடைக்குச் சாமான் ஏற்றி வரும்போது நான் கால் வைத்திருந்த இடம் அப்படியே உடைந்து விழுந்தது. மடியில் உன்னை வைத்துக்கொண்டு காலுக்குக் கீழே ரோட்டு ஓடுவதைப் பார்த்தபடி வீடு வந்தேன். நீ அதைப் பெரிய விளையாட்டு என்று நினைத்து, செருப்பை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டாய். அதற்குப் பிறகு வாங்கிய இந்தக் காரை அவர் டவுனிலிருந்து கொண்டுவரும் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதாலும் நனைக்கவில்லை. ஆகவே மகன், எங்கே நின்ற கார் என்று கேள். கடற்கரைக் காரா, ஆற்றோரக் காரா என்று கேள். மேலே பளபளப்பைப் பார்க்காமல் அடியில் படு. சட்டை ஊத்தையானால் மருமகள் கழுவித் தரமாட்டாள், நீயே கழுவிக்கொள்.

அந்த மனிதரும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகு, "என்னத்துக்கு அக்கா குடுக்கிறீங்க?" என்று கேட்டார். இடையில் தானாக ஒரு பதிலை எடுத்துக் கொடுக்காமல், நான் சொல்லும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீயும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நில். நான் சொன்னேன். மகன் பகல் ரயிலில் வந்தான், கூட்டிவரப் போனார், கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தியவர் பிறகு எழும்பவில்லை என்றேன். அவர் முஸ்லிம்கள் மரணச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பிறகு, எப்படி நிறுத்தியிருந்தார் என்று கேட்டார். அதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. இளநீர் விற்கிற ஒருவர்தான் முதலில் கண்டவர், அவர் சொன்னதைச் சொன்னேன். இடது பக்கம் நன்றாக ஒதுக்கி, மரத்து நிழலில், எஞ்சினை நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, யன்னலை இறக்கி வைத்திருந்தார். கொஞ்சம் ஓய்வெடுக்கிறார் என்றுதான் அந்த மனிதர் நினைத்தாராம்.

ஏறாவூர்க்காரர் காரின் கூரையில் கையை வைத்தார். "அந்த நேரத்திலயும் ரோட்டுல போற ஆக்களுக்கு ஒண்டும் ஆகப்படா எண்டு ஒதுக்கி நிப்பாட்டின மனிசன்ட கார் அக்கா இது. நான் நம்பி எடுப்பன்" என்றார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும், நீங்களும் ஏறுங்கள் என்றார். ஏறியதும், இருக்கையைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். ரேடியோவை நிறுத்திவிட்டு, முதலில் நம் குன்றும் குழியுமான உள் ரோட்டில்தான் ஓட்டினார், நல்ல ரோட்டில் எந்தக் காரும் நல்ல கார்தான் என்றார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மெயின் ரோட்டில் காத்தான்குடி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பாலம் கிட்ட வந்ததும், நான் கேட்காமலே, திருப்பட்டுமா அக்கா என்றார். வேண்டாம், அந்த மரத்தடியில் நிறுத்துங்கள் என்றேன். நிறுத்திவிட்டு இறங்கி, தூரப் போய் நின்றுகொண்டார்.

அங்கே என்ன இருந்தது என்று உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அந்த இடத்தைப் பற்றி என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பாய். தண்ணீர் இருந்தது. ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். பாலத்தில் பஸ் போனது. யன்னலால் காற்று வந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் அந்த இடத்தில் பயங்கரமாக ஒன்றும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் ஸ்டேசன் எவ்வளவு கிட்ட என்பதுதான் தெரிந்தது. அவ்வளவு கிட்ட நீ பையோடு வெயிலில் நின்றிருக்கிறாய்.

அப்பாவை இன்னும் காணவில்லை என்று ஸ்டேசனில் நின்று நீ கோபத்தோடு அவருக்குப் போன் எடுத்தாய், அந்தச் சத்தத்தில் பதறித்தான் அப்பாவுக்கு அப்படி வந்தது என்று நினைக்கிறாய். நீ எனக்குச் சொல்லவில்லை, மருமகள் சொன்னாள், அவளோடு சண்டை பிடிக்காதே. இல்லை மகன், நீ எடுக்குமுன்னே அவர் போய்விட்டார் என்று நான் எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லி உன்னிடம் நான் எதையும் விற்கமாட்டேன். எனக்குத் தெரிந்தது இதுதான். அன்று ரயில் வருகிற நேரத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே அவர் சட்டை மாற்றிவிட்டார். இவ்வளவு வெள்ளனப் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். "புள்ள வந்து நம்மளப் பாத்துக்கொண்டு நிக்கப்படா. மறுகா வாறன்கா" என்று, பிறகு திரும்பி வருகிற ஆள் மாதிரியே சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சில் வலி வந்தபோதும் பிரேக்கை இழுக்க நேரம் எடுத்துக்கொண்ட மனிதர், உன் போன் சத்தத்துக்குப் பதறுகிற ஆள் இல்லை. அதை மட்டும் நான் அறிவேன், அவரோடு இருந்தவள் நான்.

காரை விற்றுவிட்டேன். என் பேருக்கு மாறி வந்து கொஞ்ச நாள்தான், அதற்குள் வேறு பேருக்குப் போகிறது. ஏறாவூர்க்காரர் அன்றே முற்பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை, ஒரு இரவு யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அப்பாவும் அப்படித்தான், பிடித்துப்போனாலும் வீட்டுக்கு வந்து படுத்து எழும்பிவிட்டுத்தான் திரும்பப் போவார். நீயும் சனிக்கிழமையே முற்பணம் கொடுத்துவிடாதே. நேற்றுக் காலை உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுசி பின்னால் ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தார், விட மனம் இல்லாமல். கார் படலையைத் தாண்டிப் போனதும் நான் கூட்டுவதற்கு விளக்குமாறை எடுத்தேன். மாமரத்தின் கீழ் நாலு டயர் நின்ற பள்ளமும் நடுவில் ஒரு எண்ணெய்க் கறையும் இருந்தன. கூட்டாமல் விளக்குமாறைத் திரும்ப வைத்துவிட்டேன். இரவு பெய்த மழையில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

சனிக்கிழமை ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போ, விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம். நான் எழுதியதெல்லாம் மறந்தாலும் அவன் பார்ப்பான். ஆனால் ஒன்றை நீதான் செய்ய வேண்டும். ஓட்டிப் பார்க்க ஏறியதும் உன் கால் நீளத்துக்கு இருக்கையை இழுப்பாய். இழுக்குமுன் கொஞ்சம் பொறுத்து, அது எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பார். யாரோ ஒருவர் அந்த இடத்தில் இருந்து யாரையோ கூட்டிவரப் போய் வந்திருப்பார். நான் பார்த்து வைக்காமல் விட்டுவிட்டேன்.

கார் நல்லதென்று கண்டால் எடு. எடுத்தால் முதலில் இங்கே கொண்டுவா. வாசலில் இப்போது ஒன்றும் நிற்கவில்லை, மகன். யோகன் வளவால் சுற்றி வர வேண்டாம். முன் படலையால் வா.

அம்மா